பூட்டன் பெயரை எங்கே தேடுவது?

தாத்தா பெயரைக் கேட்டால் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அவருடைய அப்பா, அதாவது பூட்டன், பெயரைக் கேட்டால்தான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. இருப்பது தலைப்பெழுத்து, அதுவும் ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அதனால் வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் போய் 'முத்துசாமி' என்று தட்டினால் ஆயிரம் முத்துசாமிகள் வருவார்கள், நம்மவர் வரமாட்டார்.

நமக்கு ஊர்தான் சாவி. ஊர் தெரிந்தால் எந்தத் தாலுகா, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தக் கோயில் என்பது தெரியும். பெயர் அங்கே தானாக வந்து சேரும். ஆகவே தேடலின் முதல் வாரம் முழுக்க ஒரே வேலை: தந்தை வழி, தாய் வழி, பாட்டிமார் பிறந்த வீடு என்று குறைந்தது நான்கு ஊர்களையாவது, அவற்றின் குக்கிராமப் பெயரோடு உறுதி செய்துகொள்வது.

வீட்டுப் பரணில் இருப்பவை

மொய் நோட்டை முதலில் எடுங்கள். 1960, 70-களின் கல்யாண மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் அது ஒரு சின்ன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி. தலைப்பெழுத்து, பெயர், ஊர், தொகை என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன், சம்பந்தி வகை பெரும்பாலும் முதல் பக்கங்களிலேயே வந்துவிடும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டு மொய் வந்திருந்தால் அந்த ஊரில் நமக்குப் பெண் கொடுத்த வீடோ எடுத்த வீடோ இருக்கிறது. ஊர் வாரியாகப் பெயர்களைப் பிரித்து எழுதினாலே பாதி உறவு வரைபடம் கையில் வந்துவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் பௌத்திரனும், இன்னாரின் குமாரனும்' என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் அச்சாகியிருக்கும். ஜாதகத்தில் பிறந்த நாள், பெற்றோர் பெயர், சிலவற்றில் பாட்டன் பெயரும் உண்டு. அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரும், தாய் வழியில் அதே மூன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் புரோகிதரிடமோ பெரியவரின் பஞ்சாங்கத்துக்குள்ளோ அந்தச் சீட்டு இருக்கும். புகைப்படங்களின் பின்பக்க ஸ்டூடியோ முத்திரையையும் விடாதீர்கள், எந்த ஊரில் எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி. எல்லாவற்றையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்து வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. 'உங்க மாமனார் பேர் என்ன பாட்டி?' என்று நேராகக் கேட்டால் சில பாட்டிமார் வாயே திறக்கமாட்டார்கள். கணவன் பெயரையும் அந்த வீட்டுப் பெரியவர் பெயரையும் சொல்லாத வழக்கம் இன்னும் இருக்கிறது. நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கிணறு யாருடையது, மேலவீடு யார் பங்கு, எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், குலதெய்வத்துக்கு நம்மோடு வரி கொடுப்பவர்கள் யார் யார் என்று கேட்டால் பெயர்கள் தாமாக வந்து விழும். சொல்லும்போதே, கூப்பிட்ட பெயர் எது, பத்திரத்துப் பெயர் எது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'சின்னதம்பி', பத்திரத்தில் 'சுப்பிரமணியன்' என்ற சங்கதி தெரியாமல் ஒருவரையே இருவராக எழுதி வைத்தவர்கள் ஏராளம்.

ஆண்டைப் படிக்கத் தெரியவேண்டும்

பழைய தாள்களில் ஆண்டு மூன்று நான்கு விதமாக வரும். வருவாய்க் கணக்கில் பசலி. ஜூலை 1-ல் தொடங்கும் ஆண்டு அது. ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591-ஐயும் கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, அதன்பின் 825 கூட்டவேண்டும்.

அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர்தான் ஆளைக் கவிழ்ப்பது. 'தாது வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். பெரும் பஞ்சம் வந்தது முதலாவது தாதுவில். 'தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தோம்' என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவே ஒரு காலக்குறிப்பு. ஜாதகத்தில் கிழமையும் திதியும் நட்சத்திரமும் கூடவே இருப்பதால், இரண்டு ஆண்டுகளையும் பழைய பஞ்சாங்கக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றுதான் பொருந்தும்.

எழுத்துக் குறிகளையும் பழகிக்கொள்ளுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். '௸யார் குமாரர்' என்றால் மேலே சொன்னவரின் மகன். அதை ஏதோ ஒரு பெயரின் முதலெழுத்து என்று படித்துவிட்டால் ஒரு தலைமுறையே தப்பாகிவிடும்.

வாக்காளர் பட்டியல்: எளிதான முதல் படி

2002, 2005-ஆம் ஆண்டுகளின் பழைய வாக்காளர் பட்டியல்கள் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் உள்ளன. தொகுதி, பாகம் எண் தேர்ந்தெடுத்து, கதவு எண் வரிசையில் பக்கம் பக்கமாகப் படிக்கவேண்டும். பெயரைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் என்ன கிடைக்கும் என்று தோன்றும். 2002-ல் 80 வயது என்று இருப்பவர் 1922 வாக்கில் பிறந்தவர். அவருக்கு எதிரே அச்சாகியிருக்கும் தந்தை பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரருடையது. ஒரே தெருவில் அதே தந்தை பெயரோடு இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் தாத்தாவின் அண்ணன் தம்பிகள் அகப்படுவார்கள். வயது ஐந்தாறு ஆண்டு முன்பின் இருப்பது சகஜம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் தேடி அலையவேண்டாம். இங்கிலாந்து, அமெரிக்கா போல வீடுவாரிக் கணக்கெடுப்புத் தாள்கள் இங்கே பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. கிடைப்பது தொகுப்பு எண்கள் மட்டுமே.

பத்திரமும் வில்லங்கமும்

நிலம் இருந்த குடும்பத்துக்கு, அது அரைக் காணியே ஆனாலும், சார்பதிவாளர் அலுவலகத்தை மிஞ்சிய ஆவணக் கிடங்கு வேறில்லை. இப்போதுள்ள பதிவுச் சட்டம் 1908-ஆம் ஆண்டினது. அதற்கு முன்பும் 1860-களிலிருந்தே பதிவு முறை இருந்தது.

வழி இதுதான். குடும்பத்து நிலத்தின் புல எண்ணைப் பட்டாவிலிருந்து எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றுப் பகுதியில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் கொடுத்தால் பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதலான பதிவுகளைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதில் வரும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆண்டு, ஆவண எண் இருக்கும். பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்திலேயே மனுச் செய்து தேடச் சொல்லவேண்டும். எத்தனை ஆண்டு தேடுகிறார்களோ அதற்கேற்பக் கட்டணம். மொத்தமாக ஐம்பது வருஷம் கேட்பதைவிட, கையிலுள்ள பத்திரத்தில் 'மூலப்பத்திரம் 1938-ம் வருஷத்திய 1 புத்தகம் இன்ன நம்பர்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போய் நேராக அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கேட்பது செலவும் குறைவு, நேரமும் மிச்சம். அந்த நகலில் அதற்கும் முந்தைய பத்திரத்தின் நம்பர் இருக்கும். ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகலாம்.

'1 புத்தகம்' என்பது அசையாச் சொத்து ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். '3 புத்தகம்' உயில்களும் சுவீகார அதிகாரப் பத்திரங்களும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு மட்டும்தான் நகல், இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் தருவார்கள். பூட்டன் உயில் எழுதியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், 'உயில் நகல் தரமுடியாது' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

எந்தப் பத்திரம் அதிகம் பேசும்? கிரயத்தைவிட, அடமானத்தைவிட, பாகப்பிரிவினை. பழைய பாகப்பிரிவினையின் தொடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'௸ கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இருளப்பன் குமாரர்கள் 1-வது சின்னக்கண்ணு, 2-வது ராமு, 3-வது மைனர் பழனிக்குத் தாயாரும் கார்டியனுமான வீராயி ஆக நாங்கள் மூவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் என்னவென்றால், நமக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட...'

ஒரு வாக்கியத்தில் எத்தனை செய்தி பாருங்கள். தந்தை பத்திரத் தேதிக்கு முன் இறந்துவிட்டார். மூத்தவர் இருவரும் மேஜர், மூன்றாமவர் 18 வயதுக்குக் கீழ். வீராயி பழனிக்குத் தாய். மற்ற இருவருக்கும் அவர்தான் தாய் என்று பத்திரம் சொல்லவில்லை. பெரிய வயது இடைவெளி இருந்தால் இரண்டாம் தாரமாக இருக்க வாய்ப்புண்டு, முடிவு கட்டாமல் குறித்து வையுங்கள். 'பிதிரார்ஜிதம்' என்பதால் நிலம் இருளப்பனுக்கும் முந்தையது. 'சுயார்ஜிதம்' என்றிருந்தால் அவரே வாங்கியது, கிரயப் பத்திரம் எங்கோ இருக்கவேண்டும். பிறகு சொத்து விவரத்தில் நான்கெல்லையைப் படியுங்கள். 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு' என்று வரும் பெயர்களில் பாதிப்பேர் பங்காளிகள்தான், ஏனென்றால் ஒரே பெரிய வயல் முந்தைய தலைமுறையில் துண்டானதன் அடையாளம் அது. சாட்சிக் கையெழுத்துகளில் தாய்மாமனோ மைத்துனரோ இருப்பார்கள்.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். பழைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பெயர் வராது. அவர்களுக்குப் பங்கு இல்லை, அதனால் எழுதவில்லை. 'இரண்டே பிள்ளைகள்' என்று பத்திரத்தைப் பார்த்து எழுதிவிட்டு, நான்கு மகள்களை விட்டுவிடுவது இந்தத் தேடலில் அடிக்கடி நடக்கும் தவறு. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் மகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்திரங்களில் தலைகாட்டுகிறார்கள். 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம் அதுவரை திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. 2005-ல் அந்த உரிமை நாடு முழுவதற்கும் வந்தது. அதன்பிறகு நிலத்தை விற்க வேண்டுமென்றால் சகோதரிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஆகவே தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் அண்மைக் கால விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். அத்தைமார் எல்லோரும் கணவன் பெயர், இப்போதைய ஊர் சகிதம் வரிசையாக இருப்பார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் அப்படியே.

கிராமக் கணக்கு

புல எண் அடிப்படையில் தேடும்போது ஓரிடத்தில் கயிறு அறுந்துவிடும். அது பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அப்போது பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன, உட்பிரிவுகள் மாறின, எழுத்துப் பிழையில் ஆள் பெயரே மாறிப்போனதும் உண்டு. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். நகரமாகிவிட்ட இடங்களில் புல எண் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் வந்திருக்கும். அதற்கும் ஒப்பீடு உண்டு. இன்னும் பழைய பத்திரங்களில் 'பைமாஷ் நம்பர்' வரும். அது புல அளவைக்கு முந்தைய கணக்கு.

யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் (எஸ்.எல்.ஆர்.) மறு செட்டில்மென்ட் பதிவேடும்தான் நமக்கு வேண்டியவை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அன்றைய பட்டாதாரர் பெயர் இருக்கும். தாலுகா அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ இருக்கும். வாய்மொழியாகக் கேட்டால் 'இல்லை' என்பது சுலபமான பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கிராமம், புல எண், பதிவேட்டின் பெயர் மூன்றையும் துல்லியமாக எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். 'என் முன்னோர் விவரம் அனைத்தும் தருக' என்று எழுதினால் நிராகரிப்பு நிச்சயம்.

கோயில் பூசை, மேளம், மண்பாண்டம், சலவை, காவல் என்று ஊர்ப்பணிக்காக மானியம் அனுபவித்த குடும்பம் என்றால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைப் பாருங்கள். 1858-ல் அமைந்த இனாம் ஆணையம் கிராமம் கிராமமாக விசாரித்து எழுதியவை அவை. மானியம் முதலில் பெற்றவர், அப்போது அனுபவிப்பவர், அவர் வயது, முதல்வருக்கு அவர் என்ன உறவு என்று பத்தி பிரித்து எழுதியிருப்பார்கள். 1860-களில் 50 வயதுக்காரர் என்றால் அவர் 1810 வாக்கில் பிறந்தவர், அவருக்கு முந்தைய பெயர் பதினெட்டாம் நூற்றாண்டைத் தொடும். காப்பகத்துக்குப் போகுமுன் பழைய மாவட்டம், பழைய தாலுகாப் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். விழுப்புரத்துக்காரர் 'தென்னாற்காடு' என்றும், நாமக்கல்காரர் 'சேலம்' என்றும், வேலூர்க்காரர் 'வடஆற்காடு' என்றும் கேட்கவேண்டும்.

நிலமில்லாதவர்களுக்கு

ஊரில் பலருக்குப் பட்டாவே இருந்ததில்லை என்பதுதான் நிஜம். அவர்களுக்கு வேறு தாள்கள். குடியிருப்பு மனைக்கு நத்தம் நிலவரித் திட்டப் பதிவேடு. பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு 1892 அரசாணையை ஒட்டி ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பதிவு. நிலம் கைமாறிப் போயிருந்தாலும் பழைய பதிவேட்டில் ஒப்படை பெற்றவர் பெயர் இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லோருக்கும் பொது. சென்னை மாகாணத்தில் 1899-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது; இன்றைய மையச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. கிராமங்களின் பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிக்கு அந்தந்த அலுவலகம். சென்னை மாநகராட்சிச் சான்றுகளை இணையத்திலேயே எடுக்கலாம்.

இதில் தடுமாற வைப்பவை இரண்டு. முதலாவது, பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', தாய் தந்தை பெயர், தேதி, அவ்வளவுதான். தந்தை பெயரை வைத்துத்தான் தேடவேண்டும். இரண்டாவது, தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாத்தா மூத்த பிள்ளை என்றால் அவர் பிறப்பு அவருடைய அப்பா ஊரில் பதிவாகியிருக்காது. தாயின் பிறந்த ஊரில் இருக்கும். அங்கே தேடிக் கிடைத்தால் கொள்ளுப்பாட்டியின் பிறந்தகமும் சேர்ந்து உறுதியாகிறது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர், ஊர், தொழில் நம்பகமானவை. பிறந்த தேதி அப்படியல்ல. கையைத் தலைக்கு மேலே சுற்றி எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. ஜூன் மாதத்திலேயே பாதி ஊர் பிறந்திருக்கும்.

1980-ல் பரம்பரைக் கர்ணம் (கணக்கப்பிள்ளை), முன்சீப் பதவிகள் ஒழிந்தபோது சில கணக்குகள் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டன. பழைய கணக்கப்பிள்ளை வீட்டில் பக்குவமாக விசாரிப்பதில் தப்பில்லை.

கோயில், சர்ச், பள்ளிவாசல்

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளிப் பட்டியலே. நகரத்தார் குடும்பங்களுக்கு இந்த முறை இன்னும் கச்சிதம்: ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயிலில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள், திருமணத்தின்போது எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானமும் வீட்டில் இருக்கும்.

கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைப் படிக்க லத்தீன் தெரியவேண்டியதில்லை. ஓரத்தில் பிற்காலத்தில் எழுதிய குறிப்பைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து எந்த ஊரில், யாரை, எந்தத் தேதியில் மணந்தது என்று அங்கே சேர்த்திருப்பார்கள். திருமணப் பதிவில் இரத்த உறவுக்கு விலக்கு அளித்ததாக இருந்தால் மணமக்கள் முறைப்பிள்ளைகள். புரொட்டஸ்டன்ட் சபைகளின் பதிவுகள் சபையிலேயே உண்டு. சென்னை மறைமாவட்டப் பதிவுகளின் ஒரு பகுதி ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக உள்ளது. முஸ்லிம் குடும்பங்களுக்கு மஹல்லா ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு: மணமக்கள், தந்தையர், வலி (மணப்பெண்ணின் காப்பாளர்), சாட்சிகள், மணமகன் தரும் மஹர் தொகை.

புதுச்சேரி, காரைக்கால் என்றால் பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பிரான்ஸின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் தன் தளத்தில் படங்களாக ஏற்றியிருக்கிறது. ஊரையும் ஆண்டையும் தேர்ந்து, ஆண்டின் கடைசிப் பக்கங்களிலுள்ள பெயர் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

இலங்கை

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் இல்லாத இரண்டு வசதிகள். ஒன்று கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சிடும் நினைவு மலரில் வம்சாவளிப் படம் போடும் வழக்கம் உண்டு. நூலகம் இணையதளத்தில் அப்படிப்பட்ட மலர்கள் நிறைய எண்ணிமமாகியுள்ளன. ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். மற்றது சீதன உறுதி. ஒல்லாந்தர் 1707-ல் தொகுத்த தேசவழமையின்படி நிலம் மகளுக்குச் சீதனமாகப் போகும் என்பதால், காணி உறுதிகளைப் பின்தொடர்ந்தால் தாய், தாயின் தாய் என்று பெண் வழியே மேலே ஏறலாம். இதற்கு முந்தைய காலத்துக்குக் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது நிலப் பதிவேடுகள், இருக்கின்றன; மொழி ஒல்லாந்து, பெயர்கள் தமிழ்.

மலையகத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்கீழ் வந்தவர்கள் குடும்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் தோட்டத்தின் பெயரும், குடும்பத்தார் வயதும் உண்டு.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்

வேடிக்கை என்னவென்றால், ஊரில் தங்கியவர்களைவிடக் கப்பலேறியவர்களைப் பற்றித்தான் வெள்ளைக்காரன் விவரமாக எழுதி வைத்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலடையாளம் உள்ளன. மொரீசியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடிவரவு ஆவணங்கள். ஃபிஜிக்குச் சூவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்ற அனுமதிச் சீட்டுகள், சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல். எங்கும் முதலில் கேட்கவேண்டியது பெயரல்ல, அவருக்குக் கொடுத்த எண். பிள்ளைகளின் பிறப்பு, திருமணச் சான்றுகளில் அந்த எண் இருக்கும்.

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதைத் திரும்பத் தமிழாக்கத் தெரியவேண்டும். கோவேந்தர் என்பது கவுண்டர், மூட்லி முதலி, மூன்சாமி முனிசாமி, சூப்ரமனி சுப்பிரமணி. கிராமப் பெயரும் அப்படியே சிதைந்திருக்கும். அதை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் மூன்று ஊர் இருந்தால் தாலுகாதான் தீர்ப்பு சொல்லும்.

எங்கே சறுக்கும்

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டன் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பதால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று மாறிமாறி வரும். 1890-ன் முத்துசாமியையும் 1940-ன் முத்துசாமியையும் ஒருவராக்கிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றும் பொருந்தி, மனைவி பெயரோ புல எண்ணோ நான்காவதாக ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று எழுதுங்கள். நாடி ஜோதிட ஓலையில் வரும் பெயரை ஆதாரமாகச் சேர்க்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அரச வம்சத்தில் கொண்டுபோய் ஒட்டித் தரும் வம்சாவளிகளையும்தான்.

மாமன் மகளை, அக்காள் மகளை மணக்கும் குடும்பங்களில் ஒரே ஆள் மரத்தில் இரண்டு மூன்று கிளைகளில் வருவார். தாளில் வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். அது ஒருவரை ஒருமுறை மட்டும் பதிந்து எத்தனை உறவிலும் இணைக்கும். மரபணுச் சோதனைக்கும் இதே சிக்கல்தான்: பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணந்ததால் தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவு மாதிரி முடிவில் தெரிவார்.

பெயர்களை யுனிகோடில், பத்திரத்தில் உள்ள எழுத்துப்படியே உள்ளிடுங்கள். பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டிய பட்டியல் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் யார் சொன்னது என்று குறியுங்கள். எல்லா வம்சாவளி மென்பொருளும் படிக்கும் கெட்காம் வடிவில் ஒரு பிரதியும், ஸ்கேன்களின் ஒரு பிரதியும் வேறு வீட்டில் இருக்கட்டும். இணையத்தில் போடுவதாக இருந்தால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயின் பிறந்தகப் பெயரையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். சுவீகாரமோ இரண்டாம் தாரமோ வெளியே வந்தால், அந்தக் கிளையில் இருப்பவரிடம் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள்.